நடுப் பின்னல்

கொல்லைப்புறத்தில் கொய்யா மரத்துக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவே கட்டிய கயிற்றில் பர்சானா மறைப்புக்காக மூன்றாவது போர்வையை விரித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் யாரோ செருமும் சத்தம் கேட்டது. பெரிய மச்சான். அவள் புருஷன் அல்தாப்புக்கு அண்ணன். அல்தாப் கத்தாரில் இருப்பதால் இந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் வெளிவேலை எல்லாம் அவர் தலையில்தான் விழும். போர்வையை விலக்காமல், அதற்கு அப்பால் நின்றபடியே கேட்டார்.

"ஏம்மா பர்சானா, பள்ளிவாசல்ல கேக்குறாங்க. மத்தியானம் லுஹருக்கு எடுக்குறதா, சாயங்காலம் அசருக்கு எடுக்குறதான்னு. தங்கச்சி இஃப்பத்து எங்க வந்துகிட்டிருக்காம்?"

பர்சானா போர்வையின் முனையை இழுத்துக் கயிற்றோடு சேர்த்துக் கிளிப்பை மாட்டினாள்.

"தெரியல மச்சான். போன் கெடைக்கல."

போன் அவள் இடுப்பில்தான் இருந்தது. சற்று முன்புகூட அதிர்ந்து அடங்கியிருந்தது. எடுக்கவில்லை. குறுஞ்செய்தியை மட்டும் பார்த்தாள். 'சேலம் தாண்டிட்டேன். எப்படியும் வந்துருவேன். எனக்காகக் கொஞ்சம் இருக்கச் சொல்லுக்கா.'

"ஒங்க அத்தாட்ட கேட்டேன்," என்றார் மச்சான். "பர்சானா சொல்றதுதான்னுட்டாரு. அசருக்குன்னா அது நிதானமா வந்து சேந்துரும். அவ்வளவு படிச்ச புள்ள, அதுவும் அக்கான்னா உசுரு. மொகம் பாக்க வேணாமா?"

அக்கான்னா உசுரு. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இஃப்பத்து தாங்குமா, இஃப்பத்துக்குச் சொல்லியாச்சா, அது தனியா வண்டியில வருதா. வாசலில் செருப்பை விட்டவர்கள் கூடத்தில் மய்யித்தாகக் கிடந்த மூத்தவள் ஹபீபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்து அதைத்தான் கேட்டார்கள். மய்யித்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பர்சானாவிடம், நீ தாங்குவியா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

"லுஹருக்கே எடுத்துருவோம் மச்சான். மய்யித்தை வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதும்பாங்க. வெயிலும் கொளுத்துது."

அந்தப் பக்கம் மச்சான் மறுபடி செருமினார்.

"சரிம்மா. நீ சொன்னா சரி," என்றார். செருப்புச் சத்தம் விலகிப் போனது.

பர்சானா கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். ஒரு பொருளை முதன்முதலாக எடுத்துத் தன் மடியில் மறைத்துக்கொண்டது போல இருந்தது.

அந்த வீட்டில் அத்தாவுக்கு மூன்று பெண்கள். ஹபீபா, பர்சானா, இஃப்பத். லெப்பைக்குடிக்காட்டுக் கடைத்தெருவில் அத்தா துணிக்கடை வைத்திருந்த காலத்தில் மூத்தவள் ஹபீபாவைத் தொழுதூரில் கட்டிக் கொடுத்தார். வருஷம் திரும்புவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். யாருமில்லாத இடத்தில் யாரிடமோ பேசுகிறாள், பால் பொங்கி வழிந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள் என்றார்கள். ஓதிப் பார்த்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் அவள் இராத்திரி கண்ணை மூடினாள்.

அம்மா மவுத்தாகி மண்ணுக்குள் போனபோது இஃப்பத் கவுன் போட்ட பிள்ளை. பர்சானாவுக்கு அரியலூர் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அவள் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. மூத்தவளைக் குளிப்பாட்டி, சின்னவளுக்குத் தலை பின்னி, அத்தாவுக்குச் சோறு போட்டு முடிக்கும்போது காலேஜ் பஸ் தினமும் தெருமுனையைத் தாண்டிப் போயிருக்கும். அல்தாப்புக்குப் பேசியபோதும், ஹபீபா என்னோடுதான் இருப்பாள் என்ற ஒன்றைத்தான் அவள் கேட்டாள். அவரும் ஒத்துக்கொண்டார். கல்யாணமாகியும் அவள் இந்த வாசலைத் தாண்டவில்லை.

அதே அரியலூருக்கு, பல வருஷம் கழித்து ஒரு நாள், இஃப்பத்தைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட மூன்று பேருமாகப் போனார்கள். ரயில் நகர்ந்ததும் ஹபீபா பிளாட்பாரத்தில் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். பிடித்து நிறுத்துவதற்குள் பர்சானாவின் வளையல் உடைந்து கையில் கிழித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் அவள் பர்சானா கையால் சாப்பிடவில்லை. தங்கச்சியைத் துரத்திவிட்டது இவள்தான் என்பது போலவே பார்த்தாள்.

இஃப்பத் சென்னையில் படித்தாள், பெங்களூரில் படித்தாள், அங்கேயே மூளையைப் படம் பிடிக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்து டாக்டர் பட்டமும் வாங்கினாள். மனநோய் வந்தவர்களின் காதில் இல்லாத குரல் கேட்கிறதே, அந்த நேரத்தில் மூளையில் எந்த இடம் விழித்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பத்திரிகையில் அவளைப் பற்றிப் போட்டார்கள். பெரிய வெள்ளை மெஷினுக்குப் பக்கத்தில் தலைமுக்காட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள். 'என் மூத்த அக்காதான் என்னை இந்த ஆராய்ச்சிக்கு அழைத்து வந்தார்' என்று சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே, அந்த அக்கா இப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் குடும்பத்தினர் பராமரிப்பில் இருக்கிறார் என்று ஒரு வரி. பர்சானா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். 'குடும்பத்தினர்'. தன் காலம் முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்குள் மடித்து வைத்திருந்தார்கள். அத்தா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டினார். அதைத் துடைக்கும் வேலையும் பர்சானாவுக்கே வந்து சேர்ந்தது.

அதுகூடப் பரவாயில்லை. ஊருக்கு என்ன தெரியும். ஹபீபாவுக்குமா தெரியாது?

மத்தியான நேரங்களில் இஃப்பத் போன் செய்வாள். ஹபீபா போனைக் காதில் வைத்துக்கொண்டு 'ம், ம்' என்று மட்டும் சொல்வாள். ஆனால் போனை வைத்த பிறகும் அவள் பேச்சு நிற்காது. கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "இந்தா வர்றேன்... வர்றேன்னு சொன்னேன்ல" என்பாள். சிரிப்பாள். சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சுவது போல ஒரு குழைவு அந்தக் குரலில் இருக்கும். நூறு தடவை சாப்பிடக் கூப்பிட்டாலும் பர்சானாவுக்கு அந்தப் பதில் கிடைத்ததில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, வாயருகே கொண்டுபோனால்தான் உண்டு. பக்கத்தில் நிற்பவளைத் தெரியவில்லை. பெங்களூரில் இருப்பவள் மட்டும் சுவருக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பைத்தியத்திலும் ஓரவஞ்சனை இருக்குமா என்று பர்சானா அடுப்படியில் நின்று நினைத்துக்கொள்வாள். நினைத்ததற்காக உடனே அஸ்தஃபிருல்லாஹ் சொல்லி அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பாள். மறுநாளும் நினைப்பாள்.

இன்றைக்குக் காலையில் சுபுஹு தொழுதுவிட்டு டீயோடு எழுப்பப் போனபோது ஹபீபாவின் கால் சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே போயிருந்தாள். தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஹார்ட் என்றார். பெங்களூருக்குச் சொன்னபோது இஃப்பத் முதலில் அலறினாள். பிறகு மூச்சு வாங்கியபடியே, "நேத்து மாத்திரை போட்டாளா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி பர்சானாவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. வெந்நீர் அண்டாவுக்கு அடியில் விறகைத் தள்ளும்போதும் குத்தியது. 'போட்டாளா' என்று கேட்க அவளுக்கு என்ன இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த மாத்திரையை ஹபீபா நாக்குக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறாளா என்று வாயைத் திறந்து பார்த்தது யார்?

ஒரே ஒரு தடவைதான் அவள் இஃப்பத்தின் வேலையிடத்துக்குப் போயிருக்கிறாள். ஆராய்ச்சிக்கு ஹபீபாவும் சம்மதித்திருந்தாள். சொந்த அக்காவைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்பதால் கூட வேலை செய்தவர்கள்தான் எல்லாம் செய்தார்கள். ஹபீபா அந்த மெஷினைப் பார்த்ததும் கபர்க்குழி மாதிரி இருக்கு என்று திமிறினாள். பர்சானாவின் கையை விடவில்லை. நான் கூடவே உள்ளே வருகிறேன் என்று பர்சானா சொன்னாள். அப்போது மகன் உசாமா அவள் வயிற்றில் இருந்தான். கர்ப்பிணிகளை அந்த அறைக்குள் விடுவதில்லை என்று நர்ஸ் பணிவாகச் சொல்லி, ஹபீபாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பர்சானாவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

யார் சொல்லியும் ஹபீபா படுக்கவில்லை. கடைசியில் இஃப்பத்தைக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, "பெரியக்கா, நான் இஃப்பத்து. இங்கதான் இருக்கேன். கண்ண மூடிக்க," என்றாள். அவ்வளவுதான். தலை சீவவிட ஒரு நிமிஷம் உட்கார மாட்டாத ஹபீபா, நகம் வெட்டவிடாமல் கடித்துவைக்கும் ஹபீபா, அந்தக் குழாய்க்குள் கட்டை போலக் கிடந்தாள். மெஷின் தடதடவென்று இடித்தது. அவள் அசையவே இல்லை. குரல் கேட்கும்போதெல்லாம் அமுக்கு என்று சொல்லிக் கையில் ஒரு பட்டனைக் கொடுத்திருந்தார்கள். கட்டைவிரல் மட்டும் அவ்வப்போது அசைந்தது. கம்ப்யூட்டரில் அவள் தலை வெட்டிய வெங்காயம் போல அடுக்கடுக்காக வந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். பர்சானா மட்டும் மைக்குக்குப் பக்கத்தில் இருந்த தங்கையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கை பொறுக்குற சூடு போதும்மா. எறக்கிடு," என்றபடி மைமூன் பெரியம்மா போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அந்தத் தெருவில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டுவது அவள்தான். முழங்கைவரை சட்டைக்கையை மடித்துக்கொண்டு பலகையைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். "கூட நிக்க யாரு?"

"நாந்தான்."

"தங்கச்சி?"

"அது வர லேட்டாகும். நாமளே செஞ்சிருவோம் பெரியம்மா."

நாலு பெண்கள் சேர்ந்து ஹபீபாவைத் தூக்கிவந்து பலகையில் கிடத்திவிட்டுப் போனார்கள். மேலே வெள்ளைத் துணி. மைமூன் பெரியம்மா துணிக்கு அடியிலேயே கைவிட்டு, வலப்பக்கத்தில் ஆரம்பித்து, வாய்க்குள் ஓதிக்கொண்டே கழுவினாள். பர்சானா மோந்து மோந்து ஊற்றினாள். சண்டை போடாத ஹபீபாவை அவள் முதன்முதலாகக் குளிப்பாட்டுகிறாள். தண்ணீர் முகத்தில் பட்டால் கத்துவாளே, அந்த முகத்தில் தண்ணீர் வழிந்து காதோரம் இறங்கிப் போயிற்று. பர்சானாவுக்கு அழுகை வரவில்லை. என் கையில்தான் இருக்கிறாள், வேறு யார் கையிலும் இல்லை என்ற ஒரு நிறைவுதான் இருந்தது. அது இந்த இடத்தில் வரக்கூடாத நிறைவு என்று தெரிந்தும் அதை அவள் விடவில்லை.

"தலையை நான் கழுவுறேன் பெரியம்மா."

மைமூன் பெரியம்மா நகர்ந்து இடம் விட்டாள். பர்சானா தலைமாட்டில் மண்டியிட்டு, ஹபீபாவின் கூந்தலை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்தாள். அதே நேரம் வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். முன்கூடத்தில் அழுகை புதிதாகக் கிளம்பியது. பெண்கள் வழிவிடும் சலசலப்பு. கொல்லைக் கதவு திறந்தது.

"பெரியக்கா..."

போர்வைக்கு அந்தப் பக்கம் இஃப்பத் நிற்பது நிழலாகத் தெரிந்தது. பர்சானா தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் ஊற்றினாள்.

"சின்னக்கா, நான் உள்ள வரவா?"

அவள் அனுமதி கேட்டதுதான் பர்சானாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாம்மா, வா," என்றாள் மைமூன் பெரியம்மா. "கூடப் பொறந்தவளுக்கு என்ன கேள்வி. அந்தக் கொழாய்ல கை கால் மொகம் கழுவி ஒளு செஞ்சிட்டு வா. அழுவுறதுன்னா வெளியவே அழுதுட்டு வந்துரு."

இஃப்பத் வந்தாள். பெங்களூரில் போட்டிருந்த அதே சுடிதாரோடு, முகம் வீங்கி, முடி கலைந்து வந்தாள். ஆத்தூரிலிருந்து வரும் வழி அடைத்திருந்ததால் டிரைவர் அரும்பாவூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்ததாகத் திக்கித் திக்கிச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. அவள் தலைமாட்டுக்கு வந்து பர்சானாவின் எதிரே உட்கார்ந்தாள். கையை நீட்டி ஹபீபாவின் நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில், உள்ளங்கையை வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள்.

"கைய எடு. தண்ணி ஊத்தணும்," என்றாள் பர்சானா.

இஃப்பத் எடுத்தாள். பிறகு அவளும் முடியைக் கோத ஆரம்பித்தாள். இரண்டு பேர் விரல்களும் ஒரே சிக்கலுக்குள் மாட்டிக்கொண்டன. பர்சானா விடவில்லை, இஃப்பத்தும் விடவில்லை. சீக்காய்த் தண்ணீர் இரண்டு பேரின் முழங்கைகளிலும் வழிந்தது. கடைசித் தண்ணீரில் கற்பூரத்தைக் கரைத்து மைமூன் பெரியம்மா ஊற்றினாள்.

"துடைச்சு மூணு பின்னலாப் போட்டுருங்க. நான் கபன் துணியை எடுத்து வைக்கிறேன்."

பர்சானா முடியை மூன்றாக வகுந்தாள். வலப்பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டாள். இடப்பக்கத்தை இஃப்பத் எடுத்துக்கொண்டாள். பர்சானா வேகமாகப் பின்னினாள். அவளுக்கு அந்த முடி பழக்கம். எங்கே மெலியும், எங்கே நுனி பிளந்திருக்கும் என்று கைக்குத் தெரியும். முடித்துவிட்டு நடுவில் கிடந்ததை எடுக்கக் கையை நீட்டினாள். இஃப்பத்தின் கை அதற்கு முன்பே அங்கே இருந்தது. தன் பின்னலை அவள் பாதியிலேயே விட்டுவிட்டு அதைப் பிடித்திருந்தாள்.

"விடு," என்றாள் பர்சானா மெதுவாக.

"நான் ஒண்ணுதான்க்கா கேக்குறேன்."

"ஒண்ணு ஒன்கிட்ட இருக்குல்ல. அதை முடி."

மைமூன் பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். கபனை வைத்துவிட்டு வந்து, இரண்டு கைகளுக்கும் நடுவிலிருந்து அந்த முடியை எடுத்துத் தானே பின்ன ஆரம்பித்தாள். வயதான விரல்கள். பின்னல் கோணலாக வந்தது. அக்காவும் தங்கையும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கபனிட்டு முன்கூடத்தில் கிடத்தியாயிற்று. பெண்கள் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அத்தர் வாசனை வீடு முழுக்க நிரம்பியிருந்தது. பர்சானா அடுப்படிக்குள் போய், குளிப்பாட்டிய செம்பைத் தேவையில்லாமல் மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். இஃப்பத் உள்ளே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அவள் சட்டைக்கை இரண்டும் முழங்கைவரை நனைந்திருந்தன.

"லுஹருக்குன்னு யாரு சொன்னா?"

"பள்ளிவாசல்ல."

"பெரிய மச்சான் அசருக்கு வச்சிக்கலாம்னு கேட்டாராம். இப்பத்தான் சொன்னாரு. என் போன் கெடைக்கலன்னு நீதான் சொன்னியாம்."

பர்சானா செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

"ஏன்க்கா?"

"ஒனக்குத்தான் அவ இருக்காளே. கம்ப்யூட்டர்ல படம் படமா வச்சிருக்கியே. போற எடமெல்லாம் அவளப் பத்திதானே பேசுற. எனக்கு இந்த ஒரு குளிப்புதான் மிச்சம். அதுலயும் நீ வந்து பங்கு கேப்பேன்னுதான் சொன்னேன். போதுமா?"

இஃப்பத் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான் வந்து பாக்குறதுக்குள்ள மண்ணைப் போட்டு மூடியிருப்பே."

"போட்டிருப்பேன். மாத்திரை போட்டாளான்னு கேட்ட பாரு, அதுக்கு அப்படித்தான் செஞ்சிருக்கணும்."

"அது ஒன்னைக் கேட்டதில்லக்கா. அந்த மாத்திரையே ஹார்ட்டைக் கெடுக்கும். மாத்தித் தரச் சொல்லணும்னு நெனச்சு நெனச்சு நாந்தான் தள்ளிப் போட்டுகிட்டே இருந்தேன். அதான் வாயில வந்துருச்சு."

பர்சானா அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இவ்வளவு நாள் உள்ளே கிடந்தது வெளியே வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த அவளால் முடியவில்லை.

"ராவும் பகலும் கூடக் கெடந்தது நானு. பீ மூத்திரம் பாத்தது நானு. ஆனா அவ பேசுனது ஒங்கூட. நீ போனை வச்சப்புறமும் செவத்தைப் பாத்து உக்காந்துகிட்டு, வர்றேன் வர்றேன்னு சிரிச்சு சிரிச்சுப் பேசுவா. என்னை ஒரு நாளு அப்படிப் பாத்ததில்ல. காதுக்குள்ள முழுக்க நீதான் இருந்தே."

"நான் இல்ல."

"எனக்குத் தெரியாதா?"

"நான் இல்லங்குறேன்ல!" இஃப்பத்தின் குரல் உயர்ந்தது. வெளியே ஓதும் சத்தம் ஒரு கணம் தயங்கி மறுபடி தொடர்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தணிந்து பேசினாள். "அன்னைக்கு மெஷினுக்குள்ள பட்டனை அமுக்கிகிட்டே இருந்தாளே, வெளிய வந்ததும் அது யாரு கொரலுன்னு கேட்டாங்க. யார்ட்டயும் சொல்லல. நான் தனியா வச்சுக் கேட்டேன். பர்சானா கொரலுன்னு சொன்னா."

பர்சானா அவளைப் பார்த்தாள்.

"அவ நோயே ஒன் கொரல்லதான்க்கா பேசுச்சு."

இஃப்பத் அதைக் கத்தியை வீசுவது போலத்தான் வீசினாள். பர்சானாவுக்கும் அப்படித்தான் பட்டது. அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏசும், மிரட்டும், கிணற்றில் விழு என்று சொல்லும் குரல்களைப் பற்றி டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். குளி, எழுந்திரு, வாயைத் திற என்று தான் ஏசிய ஏச்செல்லாம் நினைவுக்கு வந்தது. கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள்.

"என்ன சொல்லுமாம்?"

இஃப்பத் நனைந்த சட்டைக்கையைப் பிழிந்தாள்.

"சோறு ஆறுது, வான்னு சொல்லுமாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. அதையேதான் சொல்லிகிட்டிருக்குமாம். ஏசுற கொரலெல்லாம் வேற. அது யாருதுன்னு அவளுக்கே தெரியல. மருந்தைக் கொஞ்சம் ஏத்துனா எல்லாக் கொரலும் அடங்கிரும்னு சொன்னோம். அப்ப இதுவுமான்னு கேட்டா. இதுவுந்தான்னேன். அப்ப வேணாம், இது இருக்கட்டும்னுட்டா."

முன்கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பர்சானா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என் கொரலு வருமான்னு கேட்டேன்," என்றாள் இஃப்பத், தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. நோயாளிக்கு நாமளா எடுத்துக் குடுக்கக் கூடாது. தெரிஞ்சேதான் கேட்டேன். ஒரு தடவையாச்சும் வந்திருக்கான்னேன். இல்லன்னு சொல்லிட்டா. அப்புறமும் கேட்டேன். போன்ல, லீவுக்கு வர்றப்ப, எத்தனையோ தடவை. எப்பவும் இல்லதான்."

"உசாமா வயித்துல இருக்கறப்ப நடந்ததை இப்ப சொல்ற."

"ஆமா."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்ல மனசு வரல."

இஃப்பத் நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவற்றில் இருந்தது துக்கம் மட்டுமல்ல. அது என்னவென்று பர்சானாவுக்கு நன்றாகத் தெரியும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொன்னார்கள். சற்றைக்கெல்லாம் வாசலில் மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. மச்சான் கூடத்தில் வந்து நின்று, மொகம் பாக்குறவங்க பாத்துக்கங்கம்மா என்றார்.

துணியை விலக்கியபோது இஃப்பத் குனிந்து ஹபீபாவின் நெற்றியில் முத்தமிட்டாள். பர்சானா குனியவில்லை. அந்த வாயைப் பார்த்தாள். லேசாகத் திறந்திருந்தது. ஏதோ பதில் சொல்ல வந்து நின்றுவிட்டது போல இருந்தது. பிறகு கபனை மூடி முடிச்சுப் போட்டார்கள். தூக்கினார்கள். அத்தா தடியை ஊன்றிக்கொண்டு சந்தூக்கின் பின்னாலேயே இறங்கினார். கலிமாச் சத்தம் தெருவில் நீண்டு, பள்ளிவாசல் பக்கம் திரும்பி, தேய்ந்தது.

ஆண்கள் போன பிறகு பெண்கள் இஃப்பத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தோளைத் தடவினாள். ஒருத்தி காபி கலந்து கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தெருக்கோடி வீட்டுக்காரி பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "அவ்வளவு பெரிய மெஷினெல்லாம் வச்சுப் பாத்தியே கண்ணு, அவ தலைக்குள்ள என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

இஃப்பத் தம்ளரைப் பிடித்தபடி தலையைத் திருப்பிப் பர்சானாவைத் தேடினாள். பர்சானா அந்தப் பார்வை தன்னை வந்து தொடுவதற்கு முன்பே எழுந்து, நடையைக் கடந்து, ஹபீபாவின் அறைக்குள் போனாள்.

கட்டிலை யாரோ வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அது கிடந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. ஒரு ஹேர்பின், காய்ந்த இரண்டு சோற்றுப் பருக்கைகள். மேலே மின்விசிறி ஆளில்லாமல் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பர்சானா கதவைச் சாத்தினாள். ஜன்னல் கதவுகளையும் இழுத்துச் சாத்தினாள். பிறகு சுவரருகே போய் மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் மெள்ள மெள்ளத் தளர்ந்து, கடைசியாக ஒரு தரம் முனகிவிட்டு நின்றன.

கூடத்திலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் அசையாமல், ஹபீபா பேசிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்து, காதைக் கொடுத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.